டாக்டரிடம் வலியைச் சொல்லும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

கடலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டர் முன்னால் உட்காருவதற்குள் பாதி நாள் போய்விடும். பேசக் கிடைப்பதோ சில நிமிடங்கள். அதையும் "ஒரே வலிங்க, தாங்க முடியல" என்றே தீர்த்துவிட்டு வருகிறோம். வீட்டில் குத்துது, குடையுது, கடுக்குது, விண்விண்ணுனு தெறிக்குது என்று விதவிதமாகச் சொல்கிற அதே வாய்தான்!

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, வலிக்கு நாமே பெயர் சூட்டிவிடுவது. "கேஸ் பிடிச்சிருக்கு" என்பது நம் ஊரில் சர்வரோக விளக்கம். மாரடைப்பு பல பேருக்கு நெஞ்சின் நடுவே பாரம் ஏற்றியதுபோல அழுத்தும், தாடை, கை, முதுகு என்று பரவும், குப்பென்று வியர்க்கும். சிலருக்கு மேல்வயிற்றில் மட்டும் வரும். அதைக் கேஸ் என்று நம்பி சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டிருந்தால் கைவிட்டுப் போவது நேரம்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்கலும் அசதியுமாகக்கூட வரலாம். இப்படி இருந்தால் ஓ.பி. வரிசையெல்லாம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். போனதும் "நெஞ்சை அழுத்துது, வேர்க்குது" என்று மட்டும் சொல்லுங்கள். பெயர் வைப்பது அவர்கள் வேலை.

அடுத்தது, "வயித்து வலி" என்பதோடு நிறுத்திக்கொள்வது. எங்கே தொடங்கி எங்கே போனது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. குடல்வால் அழற்சி (அப்பெண்டிசைட்டிஸ்) பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றில் போய் நிலைக்கும். சிறுநீரகக் கல் என்றால் விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் கிளம்பி தொடையிடுக்குவரை இறங்கும். ஆள் ஓரிடத்தில் இருக்கமாட்டார், புரள்வார். வயிற்றுக்குள் சீழோ ஓட்டையோ இருப்பவர் அசையாமல் கிடப்பார், அசைந்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஆக, புரண்டீர்களா, சுருண்டு கிடந்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். இடத்தை விரலால் தொட்டே காட்டுங்கள். ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம். எதிரே இருக்கும் இளம் டாக்டருக்குத் தமிழ் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கலாம்.

கால்வலியும் இதே கதைதான். சில்வர் பீச்சில் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இடுப்பிலிருந்து பின்தொடை வழியாக ஷாக் அடித்த மாதிரி இறங்கினால் நரம்பின்மேல் சந்தேகம் வரும். பாதம் எரிந்து மதமதவென்று இருந்தால் சர்க்கரையை நினைப்பார்கள். எல்லாவற்றுக்கும் "முட்டி தேஞ்சிடுச்சு" என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு போகிறோம்.

பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் உடனே பத்து என்று சொல்லாதீர்கள். தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, குடம் தூக்க முடிகிறதா, தரையில் உட்கார்ந்தால் எழ முடிகிறதா என்று சொன்னால் எண்ணைவிட நன்றாகப் புரியும்.

கூட வருகிறவர்களுக்கு ஒன்று: பாட்டிக்கு வலித்தால் பாட்டி பேசட்டும். மகன் முந்திக்கொண்டு பதில் சொன்னால், நீர்க்கடுப்பையும் மூலத்தையும் அவர் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீடு திரும்புவார்.

அப்புறம் மாத்திரை. மெடிக்கலில் வாங்கிப் போட்ட வலி மாத்திரையை மறைக்காதீர்கள். அது காய்ச்சலையும் வலியையும் தற்காலிகமாக அமுக்கிவிடும். சில மாத்திரைகள் வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகத்தையும் மோசமாக்கும். காலி அட்டையைக்கூடத் தூக்கிப் போடாமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "வெள்ளையா, வட்டமா ஒரு மாத்திரை" என்றால் எந்த டாக்டருக்கும் தெரியாது.