விண்ணப்பிக்கும் முன் எத்தனை ஓபன் டே? வன்னியிலிருந்து பிரித்தானியா வந்த குடும்பங்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களிலிருந்து அண்மையில் பிரித்தானியாவுக்கு வந்து, பிள்ளையைப் பன்னிரண்டாம் ஆண்டில் சேர்த்திருக்கும் பெற்றோர், பல்கலைக்கழகங்கள் தம்மை நேரில் வந்து பார்க்க மாணவரை அழைக்கும் ஓபன் டே பற்றிப் பாடசாலையிலிருந்து முதல் மின்னஞ்சல் வந்தவுடன் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இத்தனை பல்கலைக்கழகங்களில் எத்தனைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்? இரண்டு பிள்ளைகளை இந்த வழியால் கூட்டிச் சென்றவன் என்ற அளவில், விண்ணப்பிக்கும் முன் மூன்று, இடம் கிடைத்த பின் ஒன்று அல்லது இரண்டு என்று சொல்லுவேன்.

ஊரில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வைத்துக்கொண்டு விருப்ப வரிசையை நிரப்புவோம். அதன் பின் பரீட்சைப் புள்ளிகளிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியும் மாவட்டமும் சேர்ந்து முடிவு செய்யும். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பிரிக்கப்படுவதும், வன்னியின் மாவட்டங்கள் அந்தக் கடைசிப் பட்டியலில் இருப்பதும் எங்களில் பலருக்கு மனப்பாடம். ஆனால் பேராதனையையோ மொறட்டுவையையோ விண்ணப்பப் படிவம் நிரப்புவதற்கு முன் நேரில் போய்ப் பார்த்தவர் எவரையும் நான் அறியேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடம் வந்த பிறகும்கூட, அயலில் இருந்த பிள்ளைகள் அதை பஸ் யன்னலால்தான் பார்த்தார்கள். பிரித்தானியாவில் வரிசை தலைகீழாக இருக்கிறது. பரீட்சைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இன்ன பெறுபேறு வந்தால் இடம் தருகிறோம் என்று பல்கலைக்கழகங்கள் நிபந்தனையோடு சொல்லும். அவ்வாறு சொன்னவற்றுள் எதை ஏற்பது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கும். தெரிவு பிள்ளையின் கையில் இருப்பதால்தான் நேரில் பார்க்கும் வழக்கமும் இங்கே வந்தது.

ஓபன் டே பெரும்பாலும் சனிக்கிழமைகளில், ஜூன், ஜூலை மாதங்களிலும் பிறகு செப்டெம்பர், ஒக்டோபரிலும் நடக்கும். கட்டணமில்லை, முன்பதிவு தேவை, பெற்றோரும் போகலாம். புதிதாக வந்தவர்கள் பலர் அங்கே போய்ப் பெயர் பதிந்தால் இடம் கிடைக்க வாய்ப்புக் கூடும் என்றோ, போகாவிட்டால் ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள் என்றோ நினைக்கிறார்கள். பிள்ளையின் பெறுபேறு, ஆசிரியர் எழுதும் குறிப்பு, தன்னைப் பற்றிய கூற்று, சில துறைகளுக்கு நேர்முகமும் நுழைவுத் தேர்வும் ஆகியவற்றைக் கொண்டுதான் இடம் தரப்படுகிறது. வருகைப் பதிவேட்டுக்கு அதில் வேலையில்லை.

எண்ணிக்கையை மூன்று என்று வரையறுப்பதற்குக் காரணம், எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்றாக அனுப்பும் யூகாஸ் விண்ணப்பத்தின் கணக்கு. அதில் ஐந்து தெரிவுகளை இடலாம். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் நான்குக்கு மேல் இட முடியாது. ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் சேர்த்து விண்ணப்பிக்கவும் முடியாது. ஐந்திலிருந்தும் இடம் கிடைத்தாலும், இறுதியில் ஒன்றை உறுதியான தெரிவாகவும் இன்னொன்றைக் காப்புத் தெரிவாகவும் வைத்துக்கொண்டு மீதி மூன்றையும் விட்டுவிட வேண்டும். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே ஐந்தையும் பார்த்து முடிக்கும் குடும்பம், எப்படியும் கைவிடப்போகும் மூன்று இடங்களுக்கு ரயில் செலவு செய்கிறது. இடம் தந்த பல்கலைக்கழகங்கள் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையில் தாம் தெரிவு செய்த மாணவர்களை மட்டும் அழைத்துத் தனி நாள் நடத்துவதுண்டு. கூட்டம் குறைவாகவும், துறையின் ஆசிரியர்களோடு பேசும் நேரம் கூடுதலாகவும் இருக்கும் அந்த நாளுக்குக் காசையும் சனிக்கிழமையையும் மிச்சம் வைத்திருப்பதே புத்தி.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் மூத்த மகளை ஒரே இலையுதிர் காலத்தில் ஏழு பல்கலைக்கழகங்களுக்குக் கூட்டிச் சென்றேன். ஏழாவதிலிருந்து திரும்பும்போது எந்த நூலகம் எந்த ஊரில் இருந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை; அந்தத் தவணையின் இரசாயனவியற் பரீட்சைப் புள்ளி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஓரிடத்துக்கு நான்கு மணித்தியாலம் கோச்சில் போய் இறங்கினால், அவள் விரும்பிய துறையின் விளக்கவுரைக்கு இருக்கைகள் நிரம்பிவிட்டன என்றார்கள். நாளுக்குப் பதிவதும் உரைக்குப் பதிவதும் வெவ்வேறு என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடைசியில் அவள் சேர்ந்த பல்கலைக்கழகம் அந்த ஏழில் இல்லை. இடம் கிடைத்த பின், மார்ச் மாதத்தில் முதன்முறையாகப் போய்ப் பார்த்த ஓரிடம் அது. தம்பிக்காரனுக்கு மூன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

அந்த மூன்றும் எவை என்பதில் கவனம் வேண்டும். முதலாவது, பன்னிரண்டாம் ஆண்டு முடியும் ஜூனில், வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்வரக்கூடிய ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். பிள்ளை அங்கே விண்ணப்பிக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்த நாளின் பயன் துறையைத் தெரிவதில்தான் இருக்கிறது. ஊரில் பொறியியல், மருத்துவம், வர்த்தகம், கலை என்று நான்கைந்து வாசல்களைக் கண்டு பழகிய எங்களுக்கு, உயிரியல் ஒன்றுக்குள்ளேயே உயிர்மருத்துவம், உயிர்வேதியியல், மருந்தியல், மரபியல் என்று தனித்தனிப் பட்டங்கள் இருப்பதும், அவற்றுக்குக் கேட்கும் பாடங்கள் வேறுபடுவதும் ஒரே நாளில் நான்கு உரைகளைக் கேட்டால்தான் பிடிபடும். இரண்டாவது, செப்டெம்பரில், வீட்டை விட்டுப் போய்த் தங்க வேண்டிய தூரத்தில் உள்ள ஒன்று. நியூகாசிலோ, லீட்ஸோ, கார்டிஃபோ, எதுவாயினும், அந்தப் பயணத்தில் பிள்ளை தன் மனத்தையும் நீங்கள் உங்கள் மனத்தையும் அளந்துகொள்ளலாம். தூரத்தைப் பற்றிய பயம் பெரும்பாலும் தாய்க்குத்தான் என்று பலர் சொல்லுவார்கள். என் வீட்டில் அது எனக்குத்தான் இருந்தது. மூன்றாவது, பாடசாலை தரும் எதிர்பார்க்கப்படும் பெறுபேறு கைக்கு வந்த பிறகு, அந்தப் பெறுபேற்றுக்கு எட்டக்கூடியவற்றுள் பிள்ளை மிகவும் விரும்பும் ஒன்று. ஜூனில் ஆசைப்பட்டது செப்டெம்பரில் எட்டாமல் போவதும், நினைத்தே பாராதது எட்டுவதும் உண்டு. ஆகவே மூன்றாவதை முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள்.

மருத்துவத்துக்கும், ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜுக்கும் இந்த ஒழுங்கு பொருந்தாது. அவற்றின் இறுதி நாள் ஒக்டோபர் 15. மருத்துவத்துக்கான யூகேட் தேர்வும் ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் வந்துவிடும். எனவே பார்ப்பதை ஜூன், ஜூலையிலேயே முடித்துவிட வேண்டும். ஏனையோருக்கு 2026 நுழைவுக்கான இறுதி நாள் ஜனவரி 14 ஆக இருந்தது, ஆனால் பாடசாலைகள் தமக்கென்று அதற்கு முன்பே ஒரு நாளை வைத்திருக்கும். கட்டடக்கலை, தாதியியல், வடிவமைப்பு போல, பட்டறையும் கருவியும் படிப்பின் பாதியாக இருக்கும் துறைகளுக்கு மட்டும் நாலாவதாக ஒன்றைப் பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன்.

போன இடத்தில் என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் குளத்துக்குக் கீழே வயல் வாங்க நினைக்கிறவர், காலபோகம் பச்சையாக நிற்கும் மார்கழியில் மட்டும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுப்பதில்லை. சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் கடைசி வரம்பு வரை வருகிறதா என்று ஆனியிலோ ஆடியிலோ இன்னொரு தரம் போய் நிற்பார். ஓபன் டே மார்கழி வயல். அன்றைக்குக் காட்டப்படுவது புதிய ஆய்வுகூடம், வெயிலில் நிற்கும் புல்வெளி, நன்றாகப் பேசத் தெரிந்த மாணவர்கள். முறிகண்டியில் இறங்கினால் கச்சான் வாங்காமல் ஏற முடியாதது போல, துணிப்பையும் பேனையும் கையில் திணிக்கப்படும். வாங்கிக்கொள்ளுங்கள், அதைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். அழைத்துச் செல்லும் வழியை விட்டு விலகி, விடுதியிலிருந்து வகுப்புக்கு நடந்தே போய்ப் பாருங்கள். அந்த ஆய்வுகூடத்தை முதலாம் ஆண்டு மாணவர் தொட விடுவார்களா, வாரத்தில் எத்தனை மணித்தியாலம் நேரடி வகுப்பு, தொழிலனுபவ ஆண்டுக்கு இடத்தைப் பல்கலைக்கழகம் தேடித் தருமா அல்லது மாணவரே தேட வேண்டுமா, விடுதி வாடகை வாரத்துக்கு எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை வாரத்துக்கு என்பவற்றை, மேசையில் இருக்கும் அலுவலரிடம் ஒரு தரமும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் இன்னொரு தரமும் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாத இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். கேள்வியைப் பிள்ளை கேட்கட்டும். ஆங்கிலம் சரளமாக வராத தகப்பனும் தாயும் பின்னால் நிற்பதில் எந்த வெட்கமும் இல்லை. தமிழ்ச் சங்கம், கோயில், கறித்தூள் விற்கும் கடை எல்லாம் பிறகு தானாகத் தெரியவரும்.

பெற்றோர் தாமே முன்னுக்கு வந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்கு அதுவே முதற்கேள்வி. பிள்ளைக்கு உள்நாட்டுக் கட்டணமா, வெளிநாட்டுக் கட்டணமா? இங்கிலாந்தில் 2025-26 ஆம் ஆண்டுக்கு உள்நாட்டு மாணவருக்கான உச்சக் கட்டணம் 9,535 பவுண். வெளிநாட்டுக் கட்டணம் பல துறைகளில் அதன் இரண்டு மடங்கையும் தாண்டும். பொதுவாக, நிரந்தர வதிவுரிமையோடு படிப்புத் தொடங்கும் முன் மூன்று ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கும் அவரது பிள்ளைக்கும் அந்த மூன்றாண்டு நிபந்தனை இல்லை. தஞ்சக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு வராதவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவராகவே கணிக்கப்படுகிறார்கள். அவர்களுக்கெனச் சில பல்கலைக்கழகங்கள் சரணாலயப் புலமைப்பரிசில்களை வைத்திருக்கின்றன, அவற்றின் எண்ணிக்கை மிகச் சொற்பம், விண்ணப்ப நாளும் வேறு. கட்டண நிலையைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகம், கடன் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது மாணவர் நிதி அலுவலகம். ஒன்று ஆம் என்றால் மற்றதும் ஆம் என்று எண்ணிவிடக் கூடாது. துறை மேசையில் இருக்கும் பேராசிரியருக்கு இது தெரிந்திருக்காது. அனுமதிப் பிரிவின் மேசையைத் தேடிப்போய்க் கேட்டு, வீட்டுக்கு வந்து அதே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பி, விடையை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த விடை தெரியாமல் மூன்றாவது இடத்துக்குப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்.

பயணச் செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 16, 17 வயதுப் பிள்ளைக்கு 16-17 சேவர் அட்டை இருந்தால் ரயிலில் பாதிக் கட்டணம். பதினெட்டு நிறைந்த பிறகு 16-25 ரெயில்கார்ட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் பயணக் காசைத் திருப்பித் தருகின்றன, கேட்டால்தான் தருவார்கள். பெற்றோர் இருவரும் போக வேண்டிய தேவையில்லை. பாடசாலை பஸ் ஒழுங்கு செய்தால் ஒருவரும் போகாமலே பிள்ளையை அனுப்பலாம்.

பதின்மூன்றாம் ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஓபன் டே எல்லாம் முடிந்துவிட்டதே என்று அவர்கள் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஒன்றையும் பார்க்காமலே ஐந்தையும் நிரப்பி, ஜனவரி நடுவில் வரும் இறுதி நாளுக்குள் அனுப்புங்கள். இணையவழி ஓபன் டே பதிவுகளை இரவில் வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். இடம் தந்தவற்றுள் முதல் இரண்டை மட்டும் மார்ச்சிலோ ஏப்ரலிலோ நேரில் போய்ப் பாருங்கள். திரும்பி வரும் ரயிலிலேயே, அடுத்த ஊர் நினைவில் கலப்பதற்கு முன், பிடித்தது மூன்று, பிடிக்காதது மூன்று என்று பிள்ளையைத் தன் கையால் எழுத வையுங்கள்.