தாத்தா விட்டுப்போன ரெக்கோட் பிளேயர் பாகங்கள்: எது பெறுமதி, எது பழைய இரும்பு?

மலையகத்தில் பல வீடுகளில் அலுமாரிக்கு மேலே ரெக்கோட் பிளேயர் பாகங்கள் போட்ட ஒரு பெட்டி கிடக்கும். தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது பங்களாவில் சமைத்த அப்புவிடம் கொடுத்ததாக இருக்கலாம். ரேடியோ திருத்திய தாத்தா கழற்றி வைத்ததாக இருக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

படி 1: துடைக்க வேண்டாம், கரண்டும் கொடுக்க வேண்டாம். பெயர்த் தகடும் ஒட்டுத்தாளும்தான் சாட்சி. பிராசோ போன்ற உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். முதலில் போனில் படம் எடுங்கள்.

படி 2: சுழலும் தட்டு. மேலே உள்ள இறப்பர் விரிப்பை எடுத்துவிட்டுக் காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டி, தட்டும் லேசாக இருந்தால் அழுத்தித் தயாரித்த இரும்புத் தகடு, பி.எஸ்.ஆர். கம்பனியினது போன்ற, இசைத்தட்டைத் தானே மாற்றும் சாதாரண சேஞ்சராக இருக்கும். ஒட்டாமல் கை கனத்தால் வார்ப்பு அலுமினியம், ஆர்வத்தோடு தொடருங்கள். ஒரு விதிவிலக்கு: தோரன்ஸ் கம்பனியின் டி.டி. 124 பிளேயரின் முதல் வடிவத்தில் மெல்லிய அலுமினியத் தட்டுக்குக் கீழே கனமான வார்ப்பிரும்புத் தட்டு இருக்கும். அதனால் காந்தத்தைவிடக் கனத்தையே நம்புங்கள்.

கம்பனிப் பெயரை மட்டும் பார்த்து மயங்காதீர்கள், மொடல் இலக்கம்தான் முக்கியம். கரார்ட் 301 (1954), 401 (1965) இரண்டையும் உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். அதே கரார்டின் எஸ்.பி. 25 தாராளமாகக் கிடைக்கும்.

படி 3: இறப்பர் சக்கரமும் பித்தளைப் புல்லியும். தட்டைத் தூக்கினால் மோட்டருக்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவே ஒரு சிறு சக்கரம் இருக்கும். நகத்தால் அழுத்துங்கள். கல்லாகியிருந்தாலோ, ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தாலோ பரவாயில்லை. நடு உலோகத்தில் புது இறப்பர் ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். மோட்டரின் தலையில் உள்ள புல்லியைத் தொலைத்துவிடாதீர்கள். நம் மின்சாரமும் இங்கிலாந்தினதும் 50 ஹேர்ட்ஸ், அமெரிக்காவில் 60. புல்லி மாறினால் பாட்டின் வேகமும் மாறும்.

படி 4: ஊசித்தலை, அதாவது ஊசியைத் தாங்கி ஒலியை மின்சாரமாக்கும் சிறு பாகம். நம் குளிரும் ஈரமும் விளையாடுவது இங்கேதான். பழைய கிரிஸ்டல் வகைத் தலைகளுக்குள் இருப்பது ரோஷல் உப்பு. அது ஈரத்தை இழுத்துக் கெட்டுவிடும். மழையும் மூடுபனியுமாக இருக்கும் நுவரெலியா, ஹற்றன் பக்கத்தில் கிடந்த கிரிஸ்டல் தலையில் உயிர் இருந்தால் அதிசயம். செரமிக் வகை தாக்குப்பிடிக்கும். பின்னால் சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம் என நான்கு வயர் போனால் பெரும்பாலும் ஸ்டீரியோ. ஷூர் என்ற கம்பனிப் பெயர் எழுதியிருந்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

சாவி கொடுக்கும் கிராமபோன் என்றால் ஊசியைப் பிடித்திருக்கும் வட்டமான ஒலிப்பெட்டியைக் கழற்றிப் பின்புற உலோகத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். வெடித்திருந்தால் விலை விழுந்தது. படம் போட்ட வெறும் ஊசி டப்பாவைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அதையும் எறியாதீர்கள்.

படி 5: விலை. ஈபேயில் விற்பவர் கேட்கும் விலை வெறும் ஆசை. 'விற்றவை' என்று வடிகட்டி, உங்கள் இலக்கமும் அதே நிலையும் உள்ளவற்றை மட்டும் பாருங்கள். அதில் தபால் செலவைக் கழியுங்கள். கனத்த தட்டுக்கு அது நன்றாகவே கடிக்கும். புல்லியும் ஊசித்தலையும் ஒரு சின்ன உறைக்குள் அடங்கிவிடும். எல்லாம் ஒரே கரார்ட் 301இன் பாகங்கள் என்று தெரிந்தால் மட்டும் பிரிக்காமல் மொத்தமாகவே விலை கேளுங்கள்.