விமான மாடல் கேனோபியின் நடுக்கோடு: எடுக்கப் போய் கெடுத்துக்கொள்ளும் விதங்கள்

பிளாஸ்டிக் விமான மாடலில் விமானி அறையை மூடும் கண்ணாடிதான் கேனோபி. அதன் நடுவில் முன்னிருந்து பின்வரை ஓடும் அந்த மெல்லிய கோட்டைப் பார்த்ததும், அந்த மாடலின் பாகங்கள் அடங்கிய கிட்டைச் செய்தவனைத் திட்டத் தோன்றும். உண்மையில் அவன் வடிவத்தைச் சரியாக எடுத்திருக்கிறான் என்பதற்கு அதுதான் அடையாளம். எஃப்-16, எஃப்-15, சு-27 போன்றவற்றின் கண்ணாடி மூடி அடியில் கொஞ்சம் குறுகி, மேலே உப்பி இருக்கும், கிட்டத்தட்ட பானை மாதிரி. கவிழ்த்த கிண்ணமாக இருந்தால், பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு மேலும் கீழுமாகப் பிரிந்து வந்துவிடும். பானை வடிவம் அப்படி வராது, வெளிப்பக்க அச்சு இடமும் வலமுமாகத்தான் பிரிய வேண்டும், அது பிரிகிற இடத்தில் கோடு விழுகிறது. பல பழைய கிட்களில் கோடு இல்லாமல் இருந்ததற்குக் காரணம், பக்கங்களை நேராக இழுத்து வடிவத்தில் சமரசம் செய்துகொண்டதுதான்.

கோட்டை எடுப்பது இரண்டு நிமிட வேலை. கண்ணாடியைத் திரும்பக் கண்ணாடியாக்குவதுதான் பாடு, தவறுகள் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன.

அதற்கு முன்னாலேயே ஒன்று உண்டு: எடுக்கக் கூடாத கோட்டை எடுப்பது. ஹாரியர், ஹாக் போன்ற விமானங்களில், விமானி வெளியேறும்போது கண்ணாடியை உடைக்க ஒரு வெடிப்பு வடம் ஒட்டப்பட்டிருக்கும். கிட்டிலும் அது வளைந்து நெளிந்து தெரியும். அச்சுக்கோடு என்று நினைத்து அதைத் தேய்த்துவிட்டால் போனது போனதுதான். நிஜ விமானத்தின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உட்காருங்கள்.

அடுத்தது, பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து வெட்டுவது. தெளிவான பாலிஸ்டைரீன் சாதாரண சாம்பல் பிளாஸ்டிக்கை விட நொறுங்கும் குணம் அதிகம் உள்ளது. கட்டரை விளிம்புக்கு ஒட்டி வைத்து அழுத்தினால் அந்த நெருக்கல் கண்ணாடிக்குள் வெள்ளையாக ஓர் விரிசலாக ஓடும். மெல்லிய ரேசர் ரம்பத்தால் தள்ளி அறுங்கள். ஒரு துண்டு கால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் நல்லதுதான், தேய்க்கும்போது பிடித்துக்கொள்ள ஆகும், கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்.

சுரண்டுவதற்குப் புது பிளேடு. பழைய முனை வழுக்காமல் துள்ளித் துள்ளிப் போகும், அது விட்டுச் செல்லும் சின்னச் சின்ன அலைகளைத் தேய்த்து எடுக்க, கோட்டை எடுப்பதைவிட அதிக நேரம் ஆகும். பிளேடை நெட்டுக்குத்தாக நிறுத்தி, எடை கொடுக்காமல், வெட்டாமல் இழுக்க வேண்டும். அப்புறம், உள்ளே தாங்கல் இல்லாமல் விரலால் மேலிருந்து அழுத்தாதீர்கள். நான் ஒரு எஃப்-16 கேனோபியை, எல்லாத் தாளும் முடிந்து கடைசி பாலிஷில், இரண்டு விரலுக்கு நடுவே கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். 'பட்' என்று ஒரு சத்தம், கோடு இருந்த அதே இடத்தில் நேராகப் பிளந்துவிட்டது. இப்போதெல்லாம் உள்ளே களிமண் மாதிரி பிசையக்கூடிய ஒட்டும் புட்டியை நிரப்பிவிட்டுத்தான் தொடுகிறேன்.

உப்புத்தாளில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். கிரிட் எண் குறையக் குறையத் தாள் கரடு, 400 கிரிட்டில் தொடங்குவது தற்கொலை. சுரண்டிய பிறகு 1000 அல்லது 1200 போதும், பிறகு 1500, 2000, அதற்கு மேல் மைக்ரோமெஷ் என்ற மிக நயமான தேய்ப்புத் துணி இருந்தால் 3200-லிருந்து 12000 வரை படிப்படியாக. நடுவில் ஒரு படியைத் தாண்டினால், முந்தைய தாளின் கீறலை அடுத்தது எடுக்காது, பளபளப்பு ஏறிய பிறகு அந்தக் கீறல் மட்டும் தனியாகத் தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றுங்கள். முதலில் நீளவாக்கில், அடுத்தது குறுக்கே, அப்போதுதான் பழைய கீறல் மிச்சம் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஈரமாகத் தேயுங்கள், தாள் மாற்றும்போது கேனோபியைக் கழுவுங்கள், 1000-இல் உதிர்ந்த ஒரே ஒரு மணல்துகள் 4000-இல் வந்து உட்கார்ந்தால் திரும்பப் பழைய இடத்துக்கே.

இங்கே தண்ணீர் நன்றாக ஏமாற்றும். ஈரமாக இருக்கும்போது கீறல்களைத் தண்ணீர் நிரப்பிக்கொள்வதால், கேனோபி பளிங்கு மாதிரி இருக்கும். 'ஆச்சு' என்று அடுத்த தாளை எடுப்போம். உலர்ந்ததும் பார்த்தால் பால் ஊற்றின மாதிரி வெள்ளை. வெள்ளையாவதில் தப்பில்லை, 1500, 2000 வரை அப்படித்தான் இருக்கும், பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த வெள்ளை எங்கும் ஒரே சீராக இருக்கிறதா, நடுவில் தனிக் கீறல் ஓடுகிறதா என்று, துடைத்து உலர்த்தி, விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்த பிறகுதான் அடுத்த படி.

கோடு இருந்த இடத்தை மட்டும், அதுவும் கட்டையில் சுற்றிய தாளால் தேய்ப்பது இன்னொரு வம்பு. வளைவில் ஒரு தட்டைப் பட்டை விழும். தெளிவாக இருந்தாலும் அது லென்ஸ் மாதிரி உள்ளேயிருக்கும் இருக்கையை நெளித்துக் காட்டும். பஞ்சு வைத்த தேய்ப்புப் பட்டைகளைப் பயன்படுத்தி, இருபக்கமும் கொஞ்சம் அகலமாகத் தேயுங்கள். நீளமான விளக்கின் பிம்பத்தைக் கேனோபி மேல் விழவைத்துத் திருப்பிப் பாருங்கள், பிம்பம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஓரிடத்தில் உடைந்து குதித்தால் இன்னும் வேலை இருக்கிறது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் சட்டங்கள் உள்ள இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் ரிவெட் எல்லாம் காணாமல் போகும்.

பாலிஷுக்கு சுழலும் மோட்டார் கருவி வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். டமியா நிறுவனத்தின் பாலிஷ் பசையான காம்பவுண்டை மெல்லிய துணியில் தொட்டு, கரடு, நயம், ஃபினிஷ் என்ற வரிசையில் கையால் தேய்த்தாலே போதும்.

கடைசியாகத் தெளிவான அக்ரிலிக் தரைப் பாலிஷில் முக்குவது பலருக்குப் பழக்கம். நல்லதுதான், மயிரிழைக் கீறலை மறைக்கும். ஆனால் தேய்க்கச் சோம்பேறித்தனப்பட்ட கீறலை அது மறைக்காது. முக்கி, அடி விளிம்பில் திரண்ட சொட்டை டிஷ்யூவால் உறிஞ்சி, ஒரு டப்பாவால் மூடி 24 மணி நேரமாவது தொடாமல் வையுங்கள். தூசி ஒட்டிவிட்டதா, பதற வேண்டாம், அமோனியா கலந்த கண்ணாடிக் கிளீனரில் ஊறப்போட்டால் கழன்று வந்துவிடும். எஃப்-16-இன் பொன் நிறச் சாயம் வேண்டுமென்றால் பாலிஷ் முடிந்த பிறகுதான் அடிக்க வேண்டும். கிட்டிலேயே சாயம் போட்டு வந்திருந்தால் அது பிளாஸ்டிக்கில் கலந்ததா, மேலே பூசியதா என்று ஒரு மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள். பூச்சு என்றால் முதல் தேய்ப்பிலேயே போய்விடும்.

இவ்வளவும் செய்துவிட்டு சூப்பர் குளூவால் ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் ஆவி உள்ளே படிந்து, மறுநாள் காலையில் கேனோபி பனி மூடின ஜன்னலாக நிற்கும், அதுவும் தாள் எட்டாத உட்பக்கத்தில். வெள்ளைப் பசை போதும். வழிந்தாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.