பிரீவ் குழம்பினால் நெக்ஸ்டைப் பிடித்துத் திருத்துங்கள்

டபிளி லிங்க்ட் லிஸ்ட் என்பது நோடுகளின் (தரவை வைத்திருக்கும் கண்ணிகளின்) வரிசை; ஒவ்வொரு நோடிலும் அடுத்த நோடைக் காட்டும் நெக்ஸ்ட், முந்தைய நோடைக் காட்டும் பிரீவ் என்று இரண்டு பொயின்டர்கள் இருக்கும். அதில் பிரீவ் பொயின்டர்கள் குழம்பிவிட்டால் லிஸ்டை அழித்துத் திரும்பக் கட்ட வேண்டாம். முதல் நோடான ஹெட்டில் தொடங்கி நெக்ஸ்ட் வழியே ஒருதடவை நடந்து, ஒவ்வொரு நோடின் பிரீவிலும் சற்றுமுன் கடந்துவந்த நோடை எழுதிக்கொண்டே போங்கள். ஹெட்டின் பிரீவ் மட்டும் நல் (null), அதாவது எதையும் காட்டாது.

ஏ9 வீதி பஸ் தரிப்புகளை ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று கோத்திருக்கிறீர்கள், மாங்குளத்தின் பிரீவ் தவறாக ஓமந்தையைக் காட்டுகிறது என்று வையுங்கள். கனகராயன்குளத்தின் நெக்ஸ்ட் மாங்குளம் என்று இருந்தாலே போதும், அதை வைத்துத் திருத்திவிடலாம். முழு வரிசையும் ஒரு திசையிலேயே இருக்கிறது, மற்றத் திசை அதன் பிரதிதான். மேலதிக நினைவகமும் தேவையில்லை. நெக்ஸ்ட் பழுதென்றால் கடைசி நோடான டெயிலிலிருந்து பிரீவ் வழியே இதையே செய்யுங்கள்.

ஒரே இடத்தில் இரண்டும் அறுந்திருந்தால் இது சரிவராது. முக்கியமாக, நடுவில் ஒரு நெக்ஸ்ட் நல் ஆகியிருந்தால் லிஸ்ட் அங்கேயே முடிந்ததுபோலத் தெரியும். அதனால் நோடுகளை எண்ணிப் பார்க்காமல் டெயிலை மாற்றவே வேண்டாம். எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறதா? எங்கோ வளையம் விழுந்திருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.