லேப்டாப் பிராசஸர்: பெயரைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

பொறியியல் கலந்தாய்வு முடிந்து கல்லூரி திறக்கும் நேரத்தில் கோவை காந்திபுரத்திலும் ஈரோட்டிலும் லேப்டாப் கடைகளில் நிற்க இடம் இருக்காது. ஈரோட்டில் சர்வீஸ் வேலை பார்க்கிற என்னிடம் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி சில மாதம் கழித்து வந்து சேரும். "புதுசுதானுங்ணா, ஆனா ஒரேயடியா திணறுதுங்க" என்பார்கள். திறந்து பார்த்தால் வைரஸ் இருக்காது, பழுது இருக்காது. வாங்கும்போதே பிராசஸர் தவறியிருக்கும். ஆரம்பத்தில் நான் எந்த ஸ்டிக்கரை நம்பி வாங்கினேனோ, அதையேதான் இவர்களும் நம்பியிருப்பார்கள்.

எஸ்எஸ்டி இருக்கிறதா, விண்டோஸ் ஒரிஜினலா, வாரன்டி எத்தனை வருடம் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதை வீட்டில் பத்தாவது படிக்கிற பையனே கேட்டுவிடுவான். பிராசஸர் பெயரில் மாட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஐ7 என்றால் ஐ5-ஐ விட வேகம் என்று நினைப்பது

இன்டெல் பெயரில் 3, 5, 7 என்ற எண்ணை விடக் கடைசியில் நிற்கும் ஆங்கில எழுத்துதான் அதிகம் பேசும். 'யு' என்று முடிந்தால் மின்சாரம் குறைவாக எடுக்கும் மெல்லிய லேப்டாப்புக்கானது. 'ஹெச்' என்றால் அதிக மின்சாரம் எடுத்துக் கனமான வேலை செய்யக்கூடியது. 'ஹெச்எக்ஸ்' அதற்கும் மேலே.

ஐ5-1235யு, ஐ7-1255யு இரண்டையும் பாருங்கள். கோர் என்பது பிராசஸருக்குள் வேலை செய்யும் தனித்தனி அலகு. இரண்டிலும் வேகமான பெரிய கோர் 2, சிக்கனமான சின்ன கோர் 8. ஐ7-ல் வேகமும் கிராஃபிக்ஸும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அதே 12ஆம் ஜெனரேஷனில் (எண் 12 என்று தொடங்குவது) ஐ5-12500ஹெச் எடுத்தால் பெரிய கோர் 4, சின்ன கோர் 8. வீடியோ எடிட்டிங், டிசைன் வேலை என்று வருகிறவர்களுக்கு அந்த ஐ5-தான் இந்த ஐ7-ஐ விட உழைக்கும். கடையில் "ஐ7 இருக்குதுங்களா?" என்று கேட்டால், எழுத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்டதை எடுத்து வைப்பார்கள்.

பெரிய எண் என்றால் புதியது என்று நம்புவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். எத்தனை பேரிடம் சொல்லியும் ஒவ்வொரு வருடமும் இதே தவறு என் மேசைக்கு வருகிறது.

கொடுமுடிப் பக்கம் மஞ்சள் விவசாயம் பார்க்கும் ஒருவர் மகளோடு வந்தார். பெண் கோவையில் மெக்கானிக்கல் முதல் வருடம். மஞ்சள் விற்ற பணத்தில் வாங்கிய லேப்டாப். சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி டிசைன் மென்பொருளில் நாலைந்து பாகங்களைச் சேர்த்து ஒரு அசெம்பிளி திறந்தாலே படம் உறைந்து நிற்கிறது என்றாள். மூடியின் உள்ளே ரைசன் 5 என்று ஸ்டிக்கர். ரைசன் என்பது இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி நிறுவனத்தின் பிராசஸர். டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ரைசன் 5 7520யு. கோர் 4, த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலை வரிசை) 8, எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) வெறும் 4 எம்பி. ரேம் 8 ஜிபி. அதிலும் ஒரு பங்கைக் கிராஃபிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

"7000 சீரீஸ்னு சொன்னாங்க தம்பி. பக்கத்துலயே 5000 சீரீஸ் ஒண்ணு இருந்துச்சுங்க. பழசு வேண்டாமுன்னுதானுங்களே இதை எடுத்தோம்?" என்றார்.

அவர் பழசு என்று ஒதுக்கிவிட்டு வந்தது எது என்று கேட்டேன். அந்தப் பெண் போனில் எடுத்து வைத்திருந்த போட்டோவைக் காட்டினாள். ரைசன் 5 5625யு. அதில் கோர் 6, த்ரெட் 12, எல்3 கேஷ் 16 எம்பி. அதற்குள் இருப்பது ஜென் 3 கட்டமைப்பு. ஜென் என்பது ஏஎம்டி தன் பிராசஸரின் உள் வடிவமைப்புக்கு வைத்த பெயர்; எண் கூடினால் புதியது. 7520யு-க்குள் இருப்பது ஜென் 2. ஜென் 2 முதலில் சந்தைக்கு வந்தது 2019-ல். பெரிய எண்ணுக்குள் பழைய கட்டமைப்பு, சின்ன எண்ணுக்குள் அதற்கு அடுத்த கட்டமைப்பு.

இது எப்படி நடந்தது என்றால், 2022 செப்டம்பரில் ஏஎம்டி தன் லேப்டாப் பிராசஸர்களுக்குப் புதுப் பெயர் முறை ஒன்றை அறிவித்தது. நான்கு இலக்கத்தில் முதல் இலக்கம் எந்த வருட வரிசை என்பதைச் சொல்லும்: 7 என்றால் 2023, 8 என்றால் 2024. இரண்டாவது, அது எந்தத் தரத்தில் விற்கப்படுகிறது என்பது. மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பு: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3 அல்லது 3+, 4 என்றால் ஜென் 4. கடைசி இலக்கம் 0 அல்லது 5. ஒரே கட்டமைப்புக்குள் 5 மேல்படி.

ஆக வாங்குகிறவருக்கு வேண்டிய விஷயம் மூன்றாவது இடத்தில் ஒளிந்திருக்கிறது. கடையில் எல்லோரும் சொல்வதோ முதல் இலக்கத்தை. 7520யு, 7530யு, 7535ஹெச்எஸ், 7640ஹெச்எஸ் எல்லாமே ரைசன் 5 என்ற ஒரே பெயரில், 7000 என்ற ஒரே வரிசையில் நிற்கும். முதலாவது ஜென் 2, 4 கோர். இரண்டாவது ஜென் 3, 6 கோர். மூன்றாவது ஜென் 3+. நான்காவது ஜென் 4. வேலை செய்து பார்த்தால் முதலாவதும் நான்காவதும் ஒரே பெயரில் இருப்பதே தப்பு என்று தோன்றும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரைசன் 3 7320யு என்று ஒன்று உண்டு. அதிலும் கோர் 4, த்ரெட் 8, கேஷ் 4 எம்பி, கிராஃபிக்ஸும் அதே 610எம். உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ், 7520யு-க்கு 4.3. இந்தச் சின்ன வித்தியாசத்துக்குத்தான் ஒன்று 3 என்றும் இன்னொன்று 5 என்றும் விற்கிறது. ரைசன் 3-லிருந்து ரைசன் 5-க்கு ஏறுகிறோம் என்று கூடுதல் பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதை அந்த மஞ்சள் விவசாயிக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "மண்டியில விரலி வேற, கிழங்கு வேறன்னு பிரிச்சு வெச்சுத்தானுங்க தம்பி விலை பேசறோம். இங்க ரெண்டையும் ஒரே சாக்குல கொட்டி ஒரே பேரு எழுதிட்டாங்களே." இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ரேமையாவது கூட்டிக் கொடுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. 7520யு ஏற்பது எல்பிடிடிஆர்5 ரேம் மட்டும். அது போர்டிலேயே சால்டர் செய்து வரும். மாற்றுவதற்கு ஸ்லாட் கிடையாது. 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். அதனால்தான் இதைப் பணம் விழுங்கும் தவறு என்கிறேன். மற்ற தவறுகளுக்கு ரேம் போட்டு, எஸ்எஸ்டி மாற்றி ஏதோ ஒரு சமாதானம் செய்ய முடியும். இதற்கு லேப்டாப்பையே விற்க வேண்டும். விற்கப் போனால் பாதி விலைகூடக் கேட்க மாட்டார்கள்.

7520யு கெட்ட சிப் என்று சொல்லவில்லை. கடையில் பில் போட, டைப் அடிக்க, ஆன்லைன் வகுப்பு பார்க்க அது போதும். பேட்டரியும் நன்றாக நிற்கும். நான்கு வருடம் பொறியியல் படிக்கப்போகிற பிள்ளைக்கு அதை ரைசன் 5 என்று சொல்லிக் கொடுத்ததுதான் தாங்க முடியவில்லை.

மூன்றாவது இலக்கக் கணக்கு 7000, 8000, 9000 வரிசைகளுக்கு மட்டுமே பொருந்தும். 5000 வரிசையில் வேறு குழப்பம்: 5500யு ஜென் 2, 5600யு ஜென் 3. அப்புறம் வந்த ரைசன் ஏஐ 300, ரைசன் 200 எல்லாம் மூன்று இலக்கம். அங்கேயும் ஏஐ 300 என்பது ஜென் 5, 200 என்பது ஜென் 4.

'அல்ட்ரா'வைக் கவனிக்காமல் விடுவது

2023-ல் இன்டெல் தன் பெயரிலிருந்து 'ஐ' என்ற எழுத்தை எடுத்துவிட்டது. இப்போது கோர் 5 என்று ஒன்று, கோர் அல்ட்ரா 5 என்று இன்னொன்று. இரண்டும் வேறு வேறு. கோர் 5 210ஹெச்-ல் பெரிய கோர் 4, சின்ன கோர் 4. முன்பு வந்த ஐ5-12450ஹெச், ஐ5-13420ஹெச் ஆகியவற்றிலும் கோர் கணக்கு இதேதான். கோர் அல்ட்ரா 5 225ஹெச்-ல் மொத்தம் 14 கோர், கட்டமைப்பும் புதியது. இரண்டையும் "200 சீரீஸ்" என்றே விற்பவர் சொல்லுவார். விலை குறைவாகக் கிடைத்தால் 210ஹெச் நல்ல சிப்தான். அல்ட்ராவின் விலைக்கு அதை வாங்காதீர்கள்.

'வி' என்று முடியும் கோர் அல்ட்ரா 200 வரிசையில் ரேம் பிராசஸரோடு சேர்ந்தே வரும். 256வி, 258வி என்று எண்ணில் கடைசி இலக்கம் 6 என்றால் 16 ஜிபி, 8 என்றால் 32 ஜிபி. பின்னால் கூட்ட முடியாது.

கோர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

ஐ3-என்305-ல் 8 கோர், ஐ3-1215யு-வில் 6. முன்னதில் எட்டுமே சின்ன கோர். பின்னதை வாங்குங்கள்.

"லேட்டஸ்ட் ஜெனரேஷன் குடுங்க" என்று கேட்பது

அப்படிக் கேட்காதீர்கள். முழு மாடல் எண்ணைக் கேளுங்கள்.

ஸ்னாப்டிராகன் லேப்டாப்பை விசாரிக்காமல் எடுப்பது

திருப்பூர்க்காரர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் வகை பிராசஸர்கள் ஏஆர்எம் கட்டமைப்பு; போன்களில் இருக்கிற வகை, இன்டெல், ஏஎம்டி வகை அல்ல. பேட்டரி அருமையாக நிற்கும். சாதாரண விண்டோஸ் மென்பொருள்களில் பெரும்பாலானவை அதில் எமுலேஷன் மூலம், அதாவது இன்டெல் வகை பிராசஸர் போலப் பாவனை செய்து, ஓடிவிடும். பிரிண்டர் போன்ற கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் அப்படி ஓடாது. அது ஏஆர்எம்-க்கென்றே தயாரித்திருக்க வேண்டும். பேட்டர்ன் போடும் மென்பொருள், எம்பிராய்டரி டிசைன் மென்பொருள் எனப் பலவும் யுஎஸ்பி டாங்கிள் (லைசென்ஸ் சாவியாகச் செருகும் சின்னக் கருவி) குத்தினால்தான் திறக்கும். டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன், பழைய லேபிள் பிரிண்டர் எல்லாவற்றுக்கும் இதே கதை. ஒரு பனியன் கம்பெனி மெர்ச்சன்டைசர் தம்பி புது ஸ்னாப்டிராகன் லேப்டாப்போடு வந்தான். டாங்கிளைக் குத்தினால் 'அன்நோன் டிவைஸ்' என்று மட்டும் காட்டியது. அந்த டாங்கிளுக்கு ஏஆர்எம் டிரைவர் இல்லை. பழைய லேப்டாப்பைத்தான் திரும்பத் தூக்கிக்கொண்டு போனான். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு டாங்கிளையும் பிரிண்டரையும் எழுதி வைத்து, அந்தந்த நிறுவனத்திடம் ஏஆர்எம் டிரைவர் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பில் போடுவதற்கு முன்னால்

டிஸ்பிளேயில் இருக்கும் பீஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு சிபியு. முழுப் பெயர், கோர், த்ரெட் (அங்கே 'லாஜிக்கல் பிராசஸர்ஸ்' என்று இருக்கும்), கேஷ் எல்லாம் அங்கேயே தெரியும். போனில் அந்த எண்ணை இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்தில் போட்டு, எந்த வருடம் வந்தது, என்ன கட்டமைப்பு என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அவசரப்படுத்துகிற கடையில் வாங்க வேண்டாம்.

உங்களுக்குக் கொடுக்கும் பெட்டி சீல் பிரிக்காததாக இருக்கும். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று பிராசஸரோடு லேப்டாப் வருவதுண்டு. டிஸ்பிளேயில் பார்த்தது ஒன்று, பெட்டியில் இருப்பது வேறு என்று ஆகிவிடக்கூடாது. பெட்டியின் ஓரத்து லேபிளில் உள்ள எண்ணை ஒத்துப் பாருங்கள். பில்லில் வெறுமனே 'ரைசன் 5 லேப்டாப்' என்று அடிக்க விடாதீர்கள். கடைசி எழுத்து வரை முழு மாடல் எண்ணும் பில்லில் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.