புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

எல்லாவற்றையும் பொருத்தி முடித்து, ஆசையாகப் பவர் பட்டனை அழுத்தினால் ஒரு அசைவும் இல்லை. வயிற்றைக் கலக்கும், தெரியும். ஆனால் உடனே மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள், ஒரு கேபிளோ ராமோ சரியாக உட்காராததே காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு முறை உள்ளே கை வைக்கும் முன்பும் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

முதலில், மெஷின் முழுக்கச் செத்துக் கிடக்கிறதா, அல்லது ஃபேன் சுற்றியும் திரையில் எதுவும் வரவில்லையா?

செத்துக் கிடந்தால், பவர் சப்ளையின் பின்புற ஸ்விட்ச் 'I' பக்கம் இருக்கிறதா, 24 பின் கேபிள் க்ளிக் ஆகும்வரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கேபினட் பட்டனிலிருந்து வரும் அந்தச் சின்ன வயர். அது எந்த இரண்டு பின்னில் போகவேண்டும் என்பது போர்டின் கையேட்டில் இருக்கும். வயரைக் கழற்றிவிட்டு, இந்தச் சோதனைக்கு மட்டும் மின் இணைப்போடு அந்த இரண்டு பின்களை மட்டும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொடுங்கள். ஓடினால் கோளாறு பட்டனிலோ அதன் வயரிலோதான்.

ஃபேன் சுற்றுகிறது, படம் இல்லை என்றால், பிராசசருக்கென்று தனியாகப் போகும் 8 பின் கேபிளைப் பாருங்கள். போர்டின் மேல்மூலையில் இருப்பதால் மறந்துவிடுவது சகஜம். இது 4+4 ஆகப் பிரியும், கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 கேபிள் வேறு, இரண்டையும் மாற்றிச் செருகக் கூடாது. கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் செருகியிருக்கவேண்டும், மதர்போர்டில் அல்ல.

அடுத்து ராம். இங்கே கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம், ஏனென்றால் நன்றாக உட்கார்ந்ததுபோல் தெரிந்தாலும் ஒரு முனை தூக்கிக்கொண்டிருக்கும். சில போர்டுகளில் பூட்டு ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால் எதிர்முனையையும் அழுத்துங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ஒரே ஒரு ராமை, பொதுவாகப் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு முயற்சி செய்யுங்கள். உங்கள் ராம் டிடிஆர்5 வகை என்றால் அவசரப்படவேண்டாம்! முதல் முறை ராமைப் பழக்கிக்கொள்ள போர்டுக்குச் சில நிமிடங்கள்கூட ஆகும், பாதியில் அணைக்காதீர்கள். போர்டில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (துவக்க டிஸ்க்) என்று குட்டி விளக்குகள் இருந்தால், எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

இன்னும் வரவில்லையா? சரி, போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். பிராசசர், கூலர், ஒரு ராம், பவர் சப்ளை, இவை மட்டும் போதும் (பிராசசரில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டும் வேண்டும்). வெளியே ஓடினால், கேபினட்டில் தேவையில்லாத இடத்தில் நிற்கும் பித்தளைத் தாங்கி போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆக்கியிருக்கலாம். வெளியேயும் ஓடாவிட்டால், உங்கள் பிராசசருக்கு எந்த பயாஸ் (போர்டைத் தொடக்கத்தில் இயக்கும் மென்பொருள்) பதிப்பு வேண்டும் என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பாருங்கள், சில போர்டுகளில் பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் வழியாகப் புதுப்பிக்க முடியும்.

கடைசியாக வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்ப்பதென்றால் அதனுடன் வந்த கேபிள்களையே பயன்படுத்துங்கள், செருகி ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வயர் வரிசை மாறியிருந்தால் நல்ல பாகங்களும் எரிந்துபோகும்.