நாய்க்கு ஒதுக்குன ரூமும் ஊர்லருந்து வந்த அத்தையும்

பொங்கல் நோம்பிக்குக் காங்கயம் போயிருந்தப்ப, டல்லாஸுக்குப் பெட்டி கட்டிட்டிருந்த பக்கத்துத் தோட்டத்துப் புள்ளை கேட்டா: "ஏனுங்கக்கா, அங்க வீட்டுலயே நாய் பாத்துக்கற தொழில் பண்ணலாம்னு இருக்கறனுங்க. வீட்டுக்குப் பண்ற செலவை வரியில கழிச்சுக்கலாமாமா?"

கழிக்கலாம். ஆனா அவ நினைச்ச அளவுக்கு இல்லை. புதுசா அமெரிக்கா வர்ற மத்தவங்களுக்கும் ஆகுமேன்னு எழுதறேன்.

முதல்ல விசா. எச்4-ல, அதாவது எச்1பி வேலை விசாவுல இருக்கறவங்களோட குடும்பத்துக்குக் குடுக்கற விசாவுல, இஏடிங்கற வேலை அனுமதி அட்டை கையில இல்லாம சொந்தத் தொழில் பண்ணக் கூடாது. அப்புறந்தான் வரி. செலவு போக 400 டாலர் மிஞ்சினாலே வருமான வரி தவிர 15.3% சுயதொழில் வரியும் உண்டு. அதனாலதான் செலவைக் கழிக்கறது முக்கியம்.

கூண்டு, படுக்கை, கயிறு இதெல்லாம் ஷெட்யூல் சி-ங்கற சொந்தத் தொழில் வரவு செலவுப் படிவத்துல நேரா எழுதிடலாம். வீட்டைத் தொட்டாத்தான் வம்பு. அந்த இடம் தொடர்ந்து தொழிலுக்கு, தொழிலுக்கு மட்டுமே இருக்கோணும்கறது அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் கணக்கு. குழந்தைகளையோ 65 வயசுக்கு மேலானவங்களையோ பாத்துக்கற காப்பகத்துக்கு இந்த 'மட்டுமே'ல விலக்கு உண்டு. நாய்க்கு இல்லீங்க. நீங்க டிவி பாக்கற ஹால்ல நாய் படுத்தா ஹால் கணக்குல வராது.

நானும் வீட்டுல நாய் பாத்துக்கறவதான், மாட்டினது இதுலதான். சும்மா கெடந்த ரூமுக்கு நகம் கீறாத தரை போட்டேன். மே மாசம் பெருந்துறையிலருந்து மாமாவும் அத்தையும் வந்து அஞ்சு மாசம் அதே ரூம்லதான் இருந்தாங்க. நாய்க் கூண்டு மேல அத்தையோட சேலை காஞ்சுது. அந்த அஞ்சு மாசத்துக்குக் கழிக்க முடியாதுன்னுட்டார் கணக்குப் பாக்கறவர்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? ரூமுக்கு 3,000 டாலர்ல தரை போட்டா அது வீட்டோட சேந்தது. 39 வருஷத்துக்குப் பிரிச்சுத் தேய்மானமாக் கழிக்கோணும். வருஷம் 77 டாலர் தேறும். கூரை மாதிரி வீடு முழுசுக்குமான செலவுல ரூமோட பங்கு மட்டுந்தான்: 2,000 சதுர அடி வீட்டுல 200 சதுர அடி ரூம்னா 10%. அதே ரூம்ல நாய் பறண்டின கதவைச் சரி பண்ணினா அது ரிப்பேர், அந்த வருஷமே முழுசாக் கழியும். இந்த வீட்டுச் செலவையெல்லாம் ஃபாரம் 8829-ங்கற படிவத்துல எழுதோணும்.

அத்தனை பில்லு சேத்து வைக்க முடியாதுங்கறவங்களுக்குச் சுருக்கு வழி இருக்குது. சதுர அடிக்கு 5 டாலர், 300 சதுர அடி வரைக்கும். 200 சதுர அடிக்கு 1,000 டாலர். சின்ன ரூமுக்கு இதுவே மேல்னு என் எண்ணம். வீட்டை விக்கறப்பவும் நிம்மதி. மத்த வழியில தேய்மானமாக் கழிச்சதுக்கு அப்ப 25% வரைக்கும் வரி கேப்பாங்க. கழிக்காம விட்டாலும் கழிச்சதாத்தான் எடுத்துக்குவாங்க!

வேலி? நம்ம கொறங்காட்டுக் கிளுவை வேலி அப்பாரு காலத்துலருந்து நிக்குது. இங்க பலகை வேலி போட்ட செலவை 15 வருஷத்துக்குப் பிரிச்சுக் கழிக்கோணும். அதுவும் கொல்லையில உங்க பசங்க பந்தாடினா 'மட்டுமே' அங்கயும் போச்சு. போடறதுக்கு முன்னாடி, வீட்டுல எத்தனை நாய் வெச்சுக்கலாம்னு சிட்டி ஆபீஸ்லயும் குடியிருப்புச் சங்கத்துலயும் கேட்டுக்குங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட எழுத்துல வாங்கிக்குங்க.